செல்போனை வீட்டிலேயே கழற்றி பேட்டரி, சார்ஜிங் போர்ட் மாற்றலாமா? ஆபத்தா?

மாற்றலாம். "படிச்சவங்க பண்ற வேலை, நீ தொட்டா வெடிச்சிடும்" என்று வீட்டில் யாரோ சொல்லி, அந்த எரிச்சலில்தான் இங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்நேரம் குட்டி ஸ்க்ரூ டிரைவர் செட்டும் வாங்கி வைத்திருப்பீர்கள். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். சால்டரிங் அயர்னைக் கையால் தொட்டதில்லை. என் தங்கையின் போனுக்கு பேட்டரியும் சார்ஜிங் போர்டும் மாற்றியது நான்தான், அது இன்றும் நன்றாக ஓடுகிறது. "நான்தான்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் பேட்டரி உப்பி, மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். கீழே எழுதுவது எல்லாம் வெறுமனே கிழடாகிப்போன பேட்டரியைப் பற்றி.

தங்கையின் போன் காலையில் நூறு சதவீதம் காட்டும், மதியத்துக்குள் அணைந்துவிடும். சார்ஜர் ஒயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும். கண்ணாடிப் பின்மூடி வைத்த ஆண்ட்ராய்டு. முன்பு ஒரு தடவை டிஸ்பிளே உடைந்து வெளியே கொடுத்து மாற்றியிருந்தாள். இதை நினைவில் வையுங்கள்.

திறக்கும் முன் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கினேன். தவறிப்போய் பேட்டரியில் கீறல் விழுந்தால், நிறைந்த பேட்டரி சீறும் அளவுக்குக் குறைந்த பேட்டரி சீறாது. எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, ஸ்விட்ச் ஆஃப் செய்து, சிம் டிரேயை வெளியே எடுத்து வைத்தேன். டிரே உள்ளேயே இருந்தால் சில மாடல்களில் போர்டை, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை, தூக்கும்போது மாட்டிக்கொண்டு வளையும்.

பின்மூடியைப் பிடித்திருப்பது கம். அது 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகும். ஆனால் பேட்டரிக்கு 60 டிகிரிக்கு மேலே போனாலே ஆகாது. அதனால் ஹேர் டிரையரை ஓரங்களில் மட்டும் காட்ட வேண்டும், நடுவில் நிறுத்தி வைக்கக் கூடாது. ஓரம் இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நுழைத்துச் சுற்றிவர வேண்டும். ஆழமாக விட்டால், மூடியில் கைரேகை சென்சார் இருக்கும் மாடல்களில் அதன் ஃபிளெக்ஸ், அதாவது ரிப்பன் மாதிரி மெல்லிய ஒயர், அறுந்துபோகும். அறுந்தால் அதோடு முடிந்தது, பல போன்களில் வேறு சென்சார் போட்டாலும் அந்த போர்டு அதை ஏற்காது. ஆறிப்போனால் மறுபடி சூடு, மறுபடி அட்டை. வீடியோக்களில் இந்த இடத்தை வெட்டிவிடுகிறார்கள். பத்து நொடியில் மூடி கையோடு வருகிறது. நிஜத்தில் அப்படி வராது, வரவில்லை என்று பலம் போட்டால் கண்ணாடி போகும்.

மூடி வந்தது. உள்ளே பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! டிஸ்பிளே கனெக்டரின் மேல் இருக்க வேண்டிய தகடு இல்லை. இரண்டு திருகுத் துளைகள் காலி. இன்னொரு துளையில், வேறெங்கோ போக வேண்டிய நீளத் திருகு. யார் செய்தார்கள் என்று சொல்லப்போவதில்லை, என்னிடம் ரசீதும் கிடையாது. ஆனால் "படிச்சவங்க பண்ற வேலை" அதுதான்.

நீளத் திருகு சின்ன விஷயமில்லை. போன் போர்டு என்பது பல அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே செம்புத் தடங்கள் ஓடுகின்றன. திருகு அரை மில்லிமீட்டர் நீளம் கூடினாலும், முறுக்கும்போது தடத்தை அறுத்துக்கொண்டு இறங்கிவிடும். ஐபோன் 5எஸ் காலத்திலிருந்தே பழுது பார்ப்பவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். தங்கையின் போனில் அந்தத் துளைக்கு அடியில் பிளாஸ்டிக் சட்டம் மட்டும் இருந்ததால் தப்பியது. அதனால்தான் நான் ஒரு தாளில் போனின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டே வந்தேன். பார்க்கச் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

திருகுகளையும் இருந்த தகட்டையும் கழற்றியதும் முதலில் விடுவிக்க வேண்டியது பேட்டரி கனெக்டர். வேறு எதையும் அதற்கு முன் தொடக் கூடாது. ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டோமே என்று நினைப்பார்கள், ஆனால் பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டில் மின்சாரம் இருக்கும். அந்த நிலையில் டிஸ்பிளே கனெக்டரைத் தூக்கினால், பக்கத்துப் பின்கள் ஒன்றோடொன்று பட்டு பேக்லைட் (திரைக்கு வெளிச்சம் தரும்) பகுதி எரிந்துபோக வாய்ப்புண்டு. பேட்டரி மாற்றப்போய் போர்டு வேலை வந்து நிற்கும். தூக்குவதற்கும் இரும்பு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் கம்பி போதும். ஜாக்கெட்டில் வைக்கும் பிரஸ் பட்டனைப் போலத்தான், நேராக மேலே வரும், திரும்ப வைக்கும்போது நேராக அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். சாய்த்து அழுத்தினால் பின்கள் நசுங்கும்.

பேட்டரியை எடுப்பதுதான் என்னைப் பொறுத்தவரை பயப்பட வேண்டிய ஒரே இடம். அடியில் பசை. இழுப்பதற்கென்று வைத்த பட்டை பாதியிலேயே அறுந்து வந்தது, பழைய போன்களில் அது அப்படித்தான். பின்னால் நின்றிருந்த என் கணவர், "இரு, கத்தி எடுத்துட்டு வரேன்" என்றார். நல்ல மனுஷர்தான். நான் அவரை ஹாலுக்கு அனுப்பிவிட்டு, பசையை இளக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக ஓரத்தில் விட்டுக் காத்திருந்தேன். பேட்டரிக்குள் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் பிரிப்பது சுமார் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) தடிப்புள்ள ஒரு தாள், அவ்வளவுதான். கத்தி முனை அதைக் கிழித்தாலோ, நெம்பும்போது பேட்டரி மடிந்தாலோ உள்ளேயே ஷார்ட் ஆகி சூடேறித் தீப்பிடிக்கும். பசை ஊறியதும் அகலமான பிளாஸ்டிக் அட்டை தானாக உள்ளே போனது. பேட்டரி வளையாமல் வந்தது.

சார்ஜிங் போர்ட் இருக்கும் சின்ன போர்டுக்கு இரண்டு திருகு, ஒரு ஃபிளெக்ஸ், சொல்ல ஒன்றுமில்லை. சில மாடல்களில் போர்ட் மெயின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். உங்களுடையது அப்படியென்றால் வீட்டில் ஆகாது.

காணாமல்போன தகட்டுக்குப் பதில் கனெக்டர் மேல் சின்ன ஃபோம் துண்டு ஒட்டினேன். மூடியை ஒட்டும் முன் போனை ஆன் செய்து சார்ஜ், ஸ்பீக்கர், மைக், இரண்டு கேமரா, வைப்ரேஷன், காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா என்று எல்லாம் பார்த்தேன். ஒட்டிய பிறகு மைக் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் மறுபடி ஹேர் டிரையர்தான். புது கம் போட்டாலும், தண்ணீர் புகாது என்று கம்பெனி சொன்ன உத்தரவாதம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியின் முனைகளில் டேப் சுற்றி மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

இப்போது அந்த "நான்தான்". போனை வாங்கிப் பார்த்த தங்கை வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "யாருகிட்ட குடுத்து பண்ணீங்க அக்கா?" நான் என்றேன். சிரித்துவிட்டு என் கணவரைப் பார்த்து, "நீங்களா அண்ணே?" என்றார். கத்தி எடுத்துவரப் போன மனுஷரைப் பார்த்து! அவரும் சும்மா சிரித்துக்கொண்டு நின்றார்.

செய்தி பரவியதும் இன்னொரு தொல்லை. உறவில் செத்துக்கிடந்த போனெல்லாம் என் வீட்டுக்கு வந்தன. லாக் நம்பர் சொல்ல மாட்டார்கள், பேக்கப் எடுத்திருக்க மாட்டார்கள், "சும்மா ஒரு பார்வை பாரேன்" என்பார்கள். நான் திறக்கவே இல்லாத போனைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு சித்தி, "நீ தொட்டதுலேர்ந்து வாட்ஸ்அப் மெதுவா போகுது" என்றார். கணக்கு எழுதுபவளிடம் யாராவது சும்மா வரவு செலவு பார்க்கச் சொல்கிறார்களா? சொல்கிறார்கள், அது வேறு கதை.

கடை வைத்திருப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். ஒழுங்காகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வாரண்டி உள்ள போனைத் திறக்கவும் நான் சொல்லவில்லை. கோபம் பசை போட்டு மூடும் போன் கம்பெனிகள் மேல்தான். முன்பு நகத்தால் மூடியைத் தூக்கி பேட்டரியை மாற்றினோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் பயனரே மாற்றக்கூடிய பேட்டரி வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வருகிறது. அதிலும் நீடித்து உழைக்கும் பேட்டரி வைத்த போன்களுக்கு விலக்கு உண்டு, ஆகவே ஹேர் டிரையரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்களுடையது ஐபோன் என்றால், 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதல், கம்பெனி தராத வேறு பேட்டரி போட்டால் செட்டிங்ஸில் எச்சரிக்கைச் செய்தி காட்டும். போன் ஓடும், பேட்டரி நிலை தெரியாமல் போகலாம். கேள்வியில் மாடல் எழுதவில்லை. பின்பக்கம் திறப்பதா, டிஸ்பிளே பக்கம் திறப்பதா என்பதே மாடலைப் பொறுத்தது. அதைச் சேர்த்து எழுதுங்கள், அதுவரை மூடியில் கை வைக்க வேண்டாம்.