கன்சல் கனவும் கடன் பத்திரமும்: கி.மு. 69-இல் ஒரு ரோமானியத் தகப்பனுக்கு

பையனுக்கு 31 வயது. குவெஸ்டராக, அதாவது அரசின் பணக்கணக்கு அதிகாரியாக, ஓராண்டு கணக்குப் பார்த்துவிட்டு செனட் என்னும் ஆட்சி மன்றத்திலும் உட்கார்ந்துவிட்டான். அடுத்து என்ன என்று வீடே தூங்காமல் கிடக்கிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லிவிட்டுப் போகலாம் ஐயா. ஆனால் உங்கள் மைத்துனர் காட்டும் வழியில் போனால் சரியாகாது.

ஊர்ப் பராமரிப்பும் விழாக்களும் பார்க்கும் ஈடைல் பதவி, அதில் தடபுடலாக விளையாட்டு விழா, பிறகு வருஷத்துக்கு இருவர் வகிக்கும் தலைமைப் பதவியான கன்சல் என்கிறார் அவர். எந்தப் பதவிக்கும் சம்பளம் கிடையாது. விழாவுக்கு அரசு தரும் பணம் காணாது; மிச்சம் உங்கள் தோட்டத்தின் மேல்தான் விழும். ஈடைல் ஆகியே தீர வேண்டும் என்று சட்டமும் இல்லை. தோட்டத்தை அடகு வைக்காதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

கன்சல் ஆக 42 வயது வேண்டும். தேர்ந்தெடுக்கும் சபையில் 193 ஓட்டுப் பிரிவுகள். குதிரைவீரர் பிரிவு 18, முதல் வகுப்புப் பணக்காரர் பிரிவு 70. இரண்டும் சேர்ந்தாலே 88. பெரும்பான்மைக்கு 97 போதும், எட்டியதும் எண்ணிக்கை நின்றுவிடும். பாட்டன் பூட்டன் கன்சலாக இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கும்? கிடைத்தாலும் ஒரே வருஷம். முன்னே நடக்கும் லிக்டர் என்ற 12 ஏவலர்கள்கூட இரண்டு கன்சல்களுக்கும் மாதம் மாற்றி மாதம். ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் மற்றவரின் உத்தரவு நின்றுபோகும். பணமோ செனட்டின் கையில்.

உங்கள் வீட்டில் யாரும் பேச்சே எடுக்காத பதவி ஒன்று இருக்கிறது: பொதுமக்களுக்குக் காவலாக நிற்கும் மக்கள் ட்ரிப்யூன். நீங்கள் பிளெபியன், அதாவது பொதுமக்கள் குடும்பம். பழம் பிரபு வம்சமான பட்ரீஷியனாக இருந்தால் நிற்கவே முடியாது. ட்ரிப்யூன் ஆனவன் மேலே ஏறக்கூடாது என்று கி.மு. 81-இல் சர்வாதிகாரி சுல்லா கதவை அடைத்தார். மைத்துனர் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார். அந்தத் தடை 75-இல் நீங்கியது. போன வருஷம் கன்சல்களாக இருந்த பாம்பேயும் கிராசஸும் சுல்லா பிடுங்கிய மிச்ச அதிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இடங்கள் 10. ஓட்டு 35 வட்டங்களாக. வட்டத்துக்கு ஒன்று, 18 வந்தால் ஜெயம். நகரத்துக்குள் 4 வட்டங்கள்தான், மற்ற 31-ம் நாட்டுப்புறம். டிசம்பர் 10-இல் பதவியேற்பு. லிக்டரும் யானைத் தந்த நாற்காலியும் கிடையாது, வெறும் பெஞ்சுதான். அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து ‘தடுக்கிறேன்’ என்றால் கன்சலின் உத்தரவும் நிற்கும், செனட்டின் தீர்மானமும் நிற்கும். ஆனால் நேரில் நின்று சொல்ல வேண்டும். ஆள் அனுப்பிச் சொன்னால் செல்லாது. மசோதா கொண்டுவந்தால் மூன்று சந்தை நாள் முன்னதாக அறிவித்துவிட வேண்டும்.

சிக்கலும் உண்டு. நகர எல்லையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் அதிகாரம் செல்லாது. ஊரை விட்டு வெளியே இரவு தங்கக்கூடாது, வீட்டுக் கதவு ராத்திரியும் திறந்தே கிடக்க வேண்டும். மருமகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். கூட இருக்கும் ஒன்பது பேரில் ஒருவன் தடுத்தாலும் இவன் மசோதா படுத்துவிடும். கி.மு. 133-இல் ட்ரிப்யூன் டைபீரியஸ் கிராக்கஸை அப்படித்தான் சக ட்ரிப்யூன் ஆக்டேவியஸ் தடுத்தார். கிராக்கஸ் அவரைப் பதவியிலிருந்தே இறக்கினார், மறுவருஷத்துக்கும் நின்றார், அடித்துக் கொல்லப்பட்டார். ட்ரிப்யூன் மேல் கை வைத்தவன் தலை போகும் என்ற விதி அன்றைக்கு அவரைக் காக்கவில்லை. மறுபடி நிற்கும் ஆசை மட்டும் பையனுக்கு வேண்டாம்.

அவனுக்குப் படை என்றால் வேப்பங்காய். நகரின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் அடுத்தவன் வழக்கை எடுத்து வாதாடுவதென்றால் பசி தெரியாது. மைத்துனரிடம் கேட்டது போதும், அவனைக் கேளுங்கள். சரி என்றால் வரும் சந்தை நாளிலிருந்தே வெளி வட்டத்து விவசாயிகள் வரும் பாதையில் நிற்கச் சொல்லுங்கள். வேட்பாளர் உடுத்தும், சுண்ணாம்பு பூசிய டோகாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.