கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

அன்புள்ள அக்கா,

நான் வத்தலக்குண்டுக்காரன். கொடைக்கானலில் ஒரு சின்ன விடுதியில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க, நான்கு பக்கத்தில் ஊர் வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார் முதலாளி. 'ஆள் நடமாட்டமே இல்லாத காடாகக் கிடந்த இடத்துக்கு 1845இல் அமெரிக்கப் பாதிரியார்கள் வந்து ஊரை உண்டாக்கினார்கள்' என்று ஆரம்பித்திருக்கிறேன். ஏரி வெட்டியது 1863 என்பது சரியா? கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா, குறிஞ்சி எல்லாம் எழுதலாமா? வேறு என்ன விட்டுப்போனது?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

வருஷம் சரி. மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கரை கட்டினார், தண்ணீர் தேங்கி ஏரியானது. கோக்கர்ஸ் வாக்கும் பிரையன்ட் பூங்காவும் எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கின்றன, ஆளுக்கு ஒரு வரி போதும். குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030. இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் உங்கள் முதல் வரி என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

ஆள் நடமாட்டமே இல்லாத காடா? வத்தலக்குண்டில் பிறந்துவிட்டு எப்படி இதை எழுத மனசு வந்தது? ஏரியிலிருந்து சில மைல் தூரத்திலேயே வில்பட்டி இருக்கிறது. பூம்பாறையில் குன்னுவர்கள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வெள்ளாமை செய்தார்கள். குழந்தை வேலப்பர் கோயில் எந்தப் பாதிரியாரைக் கேட்டுக்கொண்டு அங்கே வந்தது? தாண்டிக்குடிப் பக்கம் பாறைப் பலகைகளை நிறுத்தி மூடிய கல்திட்டைகள் நிற்கின்றன, வெள்ளைக்காரனுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியவை. பளியர்களும் புலையர்களும் தேனெடுத்தும் காட்டுக்கிழங்கு தோண்டியும் அங்கேயே வாழ்ந்தார்கள். 1821இல் வார்டு என்ற நில அளவை அதிகாரி மலை ஏறினார். அவருக்கும் முன்னாலேயே அங்கே ஊர்கள் இருந்தன. அந்த வரியை அடித்துவிடுங்கள். இதற்கு மேல் திட்டப்போவதில்லை, எழுதத் தெரிந்த பிள்ளை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் குறிப்பில் பாதிரியார்கள் 'வந்தார்கள்' என்று இருக்கிறது. எப்படி வந்தார்கள்?

1834இல் மதுரையில் மிஷன் தொடங்கியவர்கள் அவர்கள். காலராவும் காய்ச்சலும் ஆளை மாற்றி ஆள் கொண்டுபோனது. பக்கத்திலிருந்த சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதனால்தான் இன்னும் உயரம் தேடி, ஏழாயிரம் அடியில் ஸன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். அவர்கள் சாவுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், அதை நான் குறைவாகப் பேசவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாய் எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் தாய்தான்.

ஆனால் அந்தத் தாயையும் மிச்சமிருந்த பிள்ளைகளையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? அப்போது உங்கள் ஊர் வழியாக ரோடு கிடையாது. 1875இல் ரயில் வந்த பிறகுகூட, அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோட்டில், இறங்கி மாட்டுவண்டியில் முப்பது மைலுக்கு மேல் பெரியகுளம் பக்கம் போகவேண்டும். மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து செண்பகனூர் வழியாக மேலே பத்துப் பன்னிரண்டு மைல் ஒற்றையடிப் பாதை. முடிந்தவர்கள் மட்டக்குதிரையில் ஏறினார்கள். மற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கட்டில், பெட்டி, பாத்திரம், புத்தகம் எல்லாம் தலைச்சுமை.

என் பூட்டன் அந்தப் பாதையில் டோலி தூக்கியவர். நான் அவரைப் பார்த்ததில்லை. தாத்தா சொல்லித்தான் தெரியும். வலது தோளில், கழுத்து எலும்புக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்ததாம். இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பாராம். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க அனுமதி உண்டு, அமுக்கினால் அடி விழும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் ஏற்றம். முன்னால் ஒருவன் பந்தம் பிடித்துப் போவான். துண்டில் கேப்பைக்களி உருண்டை, கூடக் கடிக்க வெங்காயம். 'மாத்து' என்று ஒரு குரல் வந்தால் நடையை நிறுத்தாமலே தோள் மாற்றவேண்டும், மேலே இருப்பவர் தூக்கம் கலையக்கூடாது. சுமையை இறக்கிவைத்ததும் அன்றே திரும்பி இறங்கவேண்டும், மேலே இவர்கள் தங்க இடம் கிடையாது.

இதை நினைத்துப் பாருங்கள் தம்பி. காய்ச்சல் அதிகம் இருந்தது அடிவாரத்தில். துரைமார் கொசு எட்டாத உயரத்துக்குப் போனார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வந்து அந்த அடிவாரத்துத் தோப்பிலேயே படுத்தான். பூட்டனின் இரண்டு தம்பிகள் நடுங்கு காய்ச்சலில் ஒரே வருஷத்தில் போனார்கள். கொடைக்கானலில் ஏரி கட்டியவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, கோக்கர்ஸ் வாக் போட்டவர் பெயர் அதற்கே இருக்கிறது. சுமந்தவனுக்கு ஒரு கல்லாவது உண்டா? நான் ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா என்கிறார்களே, அந்தத் தொழில் இந்த மலையில் தொடங்கியது ஓட்டலிலோ படகிலோ இல்லை, கூலிக்காரன் தோளில்.

அப்புறம் மேஜர் லா திட்டம் போட்ட மலைரோடு வந்தது. பல வருஷம் இழுத்து, முதல் உலகப் போர்க் காலத்தில்தான் அதில் மோட்டார் ஏறியது. மலைக்கு வாசல் பெரியகுளத்திலிருந்து உங்கள் வத்தலக்குண்டுக்கு மாறியது. தோப்பில் வண்டிகள் நிற்பது குறைந்தது, டோலிக் கூலியும் போனது. தாத்தா கடைசிவரை வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி மலைக்குப் போனதில்லை, கேட்டால் கோபம் வரும். ரோடு வந்தது நல்லதுதான். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை நாற்காலியில் கட்டித் தூக்கிவரும் கொடுமையை வெள்ளகவி மாதிரி ரோடு எட்டாத மலையூர்க்காரர்கள் நம் காலம்வரை அனுபவித்தார்கள். அவர்களிடம் போய் ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்லமுடியாது.

உங்கள் நான்கு பக்கத்தில் முதல் பக்கத்தை வில்பட்டிக்கும் பூம்பாறைக்கும் கொடுங்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் இந்தப் பாதைக்கு. மீதி இரண்டில் ஏரி, பங்களா, பூங்கா எல்லாம் தாராளமாக அடங்கும். முதலாளி முகம் சுளித்தால், நடக்க ஆசைப்படும் விருந்தாளிகள் இதைத்தான் விரும்பிப் படிப்பார்கள் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்துக்கு வாருங்கள். தாத்தா, பூட்டன் கதை தெரிந்த கிழவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்கவேண்டும். மதியச் சாப்பாடு நம் வீட்டில். எழுதியதையும் கையோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அக்கா