குளவி கொட்டி மயங்கியவரை ஜீப்பில் உட்கார வைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிய ஒரு அக்கா பத்தே நிமிடத்தில் வேர்த்து மயங்கிவிட்டார். காபி கொடுத்து ஜீப்பில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டார். டாக்டர் ‘ஷாக்’ என்றார். பயத்தில் வந்ததா?

பதில்: பயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உறுப்புகளுக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேராத நிலைக்குத்தான் ஷாக் என்று பெயர். அந்த அக்காவுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே போகவில்லை. விஷத்தின் ஒவ்வாமையில் ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, நீர் கசிந்து, பிரஷர் இறங்கிவிட்டது. இதற்கு மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கச் சதையில். தேறாவிட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடியும் போடுவார்கள். அவில் என்கிற ஒவ்வாமை ஊசி அரிப்பைக் குறைக்கும், பிரஷரை ஏற்றாது.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பகீரென்றது அந்த ஜீப்தான். பிரஷர் இறங்கியவரை உட்கார வைத்தால், நடக்கவிட்டால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று குறைந்து அப்படியே இதயம் நின்றுபோகக்கூடும், அதிலும் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். படுக்க வைத்துக் காலை உயர்த்தி 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் காலை நீட்டி உட்காரட்டும். காபி வேண்டாம், புரையேறும்.

ஆனால் எல்லா ஷாக்குக்கும் இதே வைத்தியம் இல்லை. காட்டெருமை முட்டி ரத்தம் போனால் காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்புறம் ரத்தம் ஏற்ற வேண்டும். வாந்திபேதி என்றால் நீர்ச்சத்து. மாரடைப்பில் இதயம் என்கிற பம்பே பழுது, அங்கே பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உண்ணிக் காய்ச்சல் மாதிரி கிருமித்தொற்று முற்றி வரும் ஷாக்கில் ஆரம்பத்தில் கை ஜில்லிடாமல் சூடாகவே இருக்கும், ஏமாந்துவிடுவோம். ஆன்டிபயாடிக் தாமதிக்கவே கூடாது. நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைத்தும் ஷாக் வரும், அதற்கு அடைப்பை நீக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நம்ம ஊர்க் குளிரில் யார் கையைத் தொட்டாலும் ஜில்லென்றுதான் இருக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். நாடி வேகமாக ஓடுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் ரத்தம் போனபிறகும் பிரஷர் சரியாகவே காட்டலாம்.

ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம், அதனால் தேறிய உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். சரி, உங்கள் டிஸ்பென்சரியில் அட்ரினலின் இருக்கிறதா, காலாவதி தேதி தாண்டவில்லையா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.