வெக்டர் கோட்டுப் படத்தை நிறம் நிரப்பி அச்சிட்டால் ஏன் மங்குகிறது?

வெக்டர் படம் என்பது வரைவதற்கான கணக்கு: இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இவ்வளவு வளைவு என்ற குறிப்புகள் மட்டுமே கோப்பில் இருக்கும். அச்சுக்கான படமோ சிறு சிறு நிறப் புள்ளிகளின் அடுக்கு. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் நேரத்தில் எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பல மென்பொருள்கள் திரைக்கான 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள்) அளவையே எடுத்துக்கொள்ளும். ஏ4 தாளுக்கு அது 794 × 1123 புள்ளிகள்தான். 300 டிபிஐ என்றால் 2480 × 3508. மங்கலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நிறம் நிரப்புவது தனிச் சிக்கல். வரப்பில் ஒரு சாண் உடைப்பு இருந்தாலும் வயலில் தண்ணீர் நிற்காது அல்லவா? கோடும் அப்படித்தான். ஓர் இலையை வரைந்து, காம்பருகே இரு முனைகளும் மயிரிழை அளவு சேராமல் விட்டுப் பாருங்கள்: நிறம் நிரப்பும் வாளிக் கருவியால் ஊற்றிய பச்சை, பின்னணி முழுவதும் பரவிவிடும். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, முனைப் புள்ளிகளை இணைத்துக் கோட்டை முழுதாக மூடிய பிறகே நிரப்புங்கள். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் தவிர்க்கவே கூடாது. சேமிக்கும்போது பிஎன்ஜி கோப்பு வடிவம் நல்லது; ஜேபெக் வடிவம் கோட்டின் ஓரங்களில் அழுக்குப் போன்ற கறையை விடும்.

மங்கிய படத்தின் டிபிஐ எண்ணைப் பிறகு 300 என மாற்றினால் தெளிவு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது, மூல வெக்டர் கோப்பிலிருந்தே மீண்டும் புள்ளிப் படமாக ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்ய வேண்டும்.