காபியை நிறுத்தினால் ஓசிடி குறையுமா?

ஓசிடியும் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்ய வைக்கும் மனநோய்) பதற்றமும் இருக்கின்றன, மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், காபி, சர்க்கரை, மைதா எல்லாவற்றையும் விலக்கி ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன், அதில் ஒன்று தவறினாலும் மறுநாள் முதலிலிருந்து தொடங்குகிறேன், இது பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல. பல ஆண்டுகளாக ஓசிடியோடு வாழ்பவன்.

காபி பதற்றத்தைக் கூட்டும். அதில் சந்தேகம் வேண்டாம். களைப்பை உணர்த்தும் அடினோசின் மூளையில் போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது. அளவு மீறினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். திடீர்ப் பீதி நோய் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 5 கப் காபிக்குச் சமமான காஃபீனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சுமார் பாதிப் பேருக்குப் பீதி வந்துவிட்டது. எனக்குப் பீதி நோய் இல்லை. ஆனால் இரண்டாவது டம்ளருக்குப் பிறகு வரும் படபடப்புக்கு என் மனம் உடனே ஒரு காரணம் தேடும்: காஸை மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா? உடம்பில் எழுந்த அதிர்வை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு சரிபார்க்கக் கிளம்பிவிடுவேன்.

அதற்காகக் காபிதான் ஓசிடிக்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மருந்து போதிய பலன் தராத ஓசிடி நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அந்த மருந்தோடு தினமும் 300 மில்லிகிராம் காஃபீன் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் காபியை மருந்தாகக் குடிக்கத் தொடங்க வேண்டாம். பதற்றமும் ஓசிடியும் ஒன்றல்ல என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

உங்கள் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். அது ஃப்ளூவோக்ஸமைன் என்றால் காபி விஷயமே வேறு. காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அந்த மருந்து பலமாகத் தடுக்கிறது. சாதாரணமாக உடம்பில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இந்த மருந்தோடு ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். காலையில் குடித்ததில் பெரும்பகுதி இரவு படுக்கும்போதும் உள்ளே இருக்கும், மறுநாள் காபி அதன்மேல் ஏறும். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. மருந்துச் சீட்டு எழுதும்போதே நோயாளியிடம் சொல்ல வேண்டிய செய்தி இது.

மற்றவர்களுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2024 உணவு வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு போதும்: 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, தேநீரில் 30 முதல் 65, நாளுக்கு 300ஐத் தாண்டக் கூடாது. சிக்கரியில் காஃபீன் கிடையாது என்பதால் டிகாஷனில் சிக்கரியின் பங்கு கூடக்கூட இந்த அளவு குறையும். ஒரேயடியாக நிறுத்தினால் சில நாள் தலைவலியும் எரிச்சலும் வரும். படிப்படியாகக் குறையுங்கள். மதியத்துக்குப் பிறகு வேண்டாம்.

உணவைவிடவும் தூக்கத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். தாமதமாகத் தூங்கப்போகும் ஓசிடி நோயாளிகளுக்கு, மறுநாள் எண்ணங்கள் மீதான பிடி தளர்ந்ததுபோல் தோன்றுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் அனுபவமும் அதுவே. நள்ளிரவுக்குப் பிறகு படுத்தால் அடுத்த நாள் பூட்டு என்னை விடாது. ஞாயிற்றுக்கிழமையும் ஒரே நேரத்தில் எழுவதுதான் எனக்கு அதிகம் உதவியது.

உணவைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஓசிடியைக் குணமாக்கும் உணவு எதுவும் இல்லை. பட்டினி கிடந்தால் வரும் நடுக்கமும் வியர்வையும் பதற்றத்தைப் போலவே இருக்கும். அதனால் வேளைக்குச் சாப்பிடுங்கள். பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது காபி அல்ல, அந்தப் பட்டியல். ஒரு பிஸ்கட் தின்றதற்காக மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது, கை கழுவுவதையும் பூட்டை இழுப்பதையும் போன்ற இன்னொரு சடங்காகவே எனக்குத் தெரிகிறது. ஆரோக்கியம் என்ற பெயரில் வருவதால் வீட்டாரும் பாராட்டுவார்கள், கண்டுபிடிப்பது கடினம். பட்டியலை அப்படியே கொண்டுபோய் உங்கள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அச்சத்தை எதிர்கொண்டு சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் ஈஆர்பி சிகிச்சையில், விதியை வேண்டுமென்றே மீறிவிட்டு மறுநாள் வழக்கம்போல் சாப்பிடுவதையே பயிற்சியாகத் தரக்கூடும். அடுத்த சந்திப்புக்கு நாள் இருக்கிறது, அதற்குள் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.