‘லாபம் 300 வெள்ளி’ என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: அக்கா, நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு தமிழ் நாடகக் குழு நடத்துகிறோம். ஐந்து வருடமாக ஆண்டுக்கு ஒரு மேடை நாடகம், இடையில் சமூக மன்றங்களிலும் பள்ளிகளிலும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள். பணமெல்லாம் என் சொந்த வங்கிக் கணக்கில்தான் வந்து போகிறது. இதில் என் கணவருக்கு வருத்தம். அறநிறுவனமாகப் பதிந்தால் நன்கொடைக்கு ஈடாக அரசாங்கமும் பணம் தரும் என்கிறார் குழுவில் ஒருவர். கலைக்குழுக்களுக்கு இலவசமாகத் தொழில் ஆலோசனை சொல்லும் அமைப்புகளிடம் போவோம் என்கிறார் இன்னொருவர். “கலையை வியாபாரமாக்கப் போகிறீர்களா?” என்று மூன்றாமவர் கோபிக்கிறார். எதை முதலில் செய்வது? போன நாடகத்தின் கணக்கை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: கடிதத்தைவிட அந்தக் கணக்குத் தாளைத்தான் அதிக நேரம் படித்தேன், தங்கச்சி. இரண்டு காட்சிகள், 220 டிக்கெட், தலைக்கு 20 வெள்ளி, ஆக 4,400. நன்கொடை 1,400. மொத்த வரவு 5,800. செலவில் அரங்க வாடகை 2,300, ஒளி ஒலிக்கு 1,200, மேடைப் பொருள்கள் 650, உடை 480, லாரி 160, சாப்பாடு 310, நிழற்படக்காரருக்கு 400. கூட்டினால் 5,500. கடைசி வரியில் ‘லாபம் 300’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள்.

அந்த அடிக்கோட்டை அழித்துவிட்டு இதையும் சேருங்கள். 14 வாரம் ஒத்திகை, வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று கடிதத்தில் சொல்கிறீர்கள். தலைக்கு 84 மணி நேரம், ஏழு பேருக்கு 588. மணிக்கு வெறும் 10 வெள்ளி போட்டாலும் 5,880. நாடகம் எழுதியவரின் இரவுகளை நான் இன்னும் தொடவே இல்லை. உங்கள் நாடகத்தின் உண்மையான செலவு 11,380 வெள்ளி. அதில் பாதிக்கு மேல் கொடுத்தவர்கள் நீங்கள் ஏழு பேர். ஊரிலேயே பெரிய புரவலர் நீங்கள்தான். அது உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

யாருக்கும் நாளைக்கே சம்பளம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த எண் கையில் இல்லாததால்தான் பள்ளிப் பயிலரங்குக்கு ‘அவர்கள் சொன்ன 250-க்குச் சரி என்றேன்’ என்று எழுதுகிறீர்கள். இரண்டு பேர் அரை நாள், போக்குவரத்து, முதல்நாள் தயாரிப்பு எல்லாம் சேர்ந்து 250 என்றால், நீங்கள் பள்ளிக்கு நன்கொடை கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இனி அறநிறுவனம். நண்பர் சொல்வது கல்ச்சுரல் மேட்சிங் ஃபண்ட். 2013-ல் தொடங்கியது. கலை, மரபுடைமைத் துறை அறநிறுவனங்களுக்குத் தனியார் தரும் ரொக்க நன்கொடைக்கு வெள்ளிக்கு வெள்ளி ஈடு கொடுக்கும் நல்ல திட்டம். வரிவிலக்கு ரசீது கொடுக்க அனுமதி தரும் ‘ஐபிசி’ தகுதியும் கிடைத்துவிட்டால் நன்கொடை தருபவருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. கேட்கவே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்குக் கிடைத்த நன்கொடை 1,400 வெள்ளி, ஆகவே ஈடாக வருவதும் 1,400. அதற்காக முதலில் ஒரு சங்கமாகவோ உத்தரவாத வரம்புள்ள (பங்குகள் இல்லாத) கம்பெனியாகவோ பதிய வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், அவர்களில் இருவர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். பிறகு ஆண்டறிக்கை, சரிபார்த்த கணக்கு, கூட்டக் குறிப்பு என்று வருடா வருடம் வேலை. ஒத்திகைக்கே ஆள் சேராத செவ்வாய்க்கிழமைகளில் இதை யார் எழுதுவது? நன்கொடை ஐந்து இலக்கத்தைத் தொடும்போது இந்தப் பேச்சை எடுங்கள்.

சங்கமாகப் பதியக் குறைந்தது 10 உறுப்பினர் வேண்டும். நீங்கள் ஏழு பேர். எண்ணிக்கைக்காக மாமியாரையும் ஒன்றுவிட்ட தம்பியையும் சேர்த்துவிடாதீர்கள். பிறகு பொதுக்கூட்டத்தில் அவர்களும் கை தூக்குவார்கள். (நான் ஆறு ஆண்டு ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தவள். பார்த்திருக்கிறேன்.)

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பெயரில் வரும் பணம் உங்கள் வருமானம் இல்லை என்று வரித்துறையிடம் காட்டும் பொறுப்பு உங்களுடையது. நிகரத் தொழில் வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கட்டச் சொல்லியும் கடிதம் வரும். ஆகவே இந்த மாதமே குழுவில் இன்னொருவருடன் கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள், பணம் எடுக்க இருவரும் கையெழுத்திடும்படி. குழுவின் பணம் அதில் மட்டும் வரட்டும். தனியுரிமைத் தொழிலாகப் பதிய, தொழில்களைப் பதியும் அரசு ஆணையமான அக்ராவில் முதல் ஆண்டுக்கு 115 வெள்ளிதான் ஆகும், ஆனால் அப்போது சட்டப்படி தொழில் உங்கள் ஒருவருடையது. கடன் வந்தாலும் உங்கள் தலையில்தான் விழும். ஏழு பேரும் உட்கார்ந்து பேசாமல் அதைச் செய்யாதீர்கள்.

இலவச ஆலோசனைக்குக் கட்டாயம் போகலாம். கலைஞரும் ஒப்பந்தம் போடுகிறார், வரி கட்டுகிறார், ஏமாற்றப்படுகிறார். வக்கீலுக்குக் கொடுக்கத்தான் காசு இல்லை. நியூயார்க்கில் 1969-லேயே கலைஞர்களுக்கென்று தன்னார்வ வழக்கறிஞர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்தது இதனால்தான். நம் ஊரில் சட்டச் சந்தேகங்களுக்கு ‘புரோ போனோ எஸ்ஜி’ இருக்கிறது. தனித்து இயங்கும் கலைஞர்களுக்குத் தேசியக் கலைகள் மன்றத்தின் ‘ஆர்ட்ஸ் ரிசோர்ஸ் ஹப்’ உண்டு. நாடகக்காரர்களுக்கென 2014-ல் தொடங்கிய லாப நோக்கமற்ற ‘சென்டர் 42’ இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ‘எங்களுக்கு உதவி வேண்டும்’ என்று போனால் நல்ல மனசுள்ள வங்கி அதிகாரி ஒருவர் வந்து ஐந்தாண்டுத் திட்டம் வரைந்து கொடுத்துவிட்டுப் போவார். அழகாக இருக்கும். அலமாரியில் கிடக்கும். ‘பள்ளிப் பயிலரங்குக்கு என்ன விலை சொல்வது, ரத்தானால் எவ்வளவு பிடித்துக்கொள்வது, அதை ஒரு பக்கத்தில் எழுதித் தருவீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரே மாலையில் வேலை முடியும்.

ஐந்து மாதமாகக் காசு தரவில்லை என்று கடிதத்தில் சொல்கிறீர்களே, அந்த ஏற்பாட்டாளருக்கு அந்த ஒரு பக்கம் முன்பே போயிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது. இப்போதும் வழி இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகளையும் இன்வாய்ஸையும் தேதிவாரியாக அடுக்கி, கடைசியாக ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலுக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வக்கீல் தேவையில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

நன்கொடையைத் துரத்துவதைவிட எனக்கு ஆசை காட்டுவது வேறொன்று. கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட அரசாங்கம் தரும் எஸ்ஜி கல்ச்சர் பாஸில், 2025 முடிவதற்குள் 18 வயது நிரம்பிய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி கிடைத்திருக்கிறது, 2028 கடைசி வரை செல்லும். அனுமதி பெற்ற நிகழ்ச்சிக்கு, அங்கீகரிக்கப்பட்ட டிக்கெட் தளங்களில்தான் அதைச் செலவழிக்க முடியும். நீங்களோ உங்கள் கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் வழியே நேரடியாகப் பணம் வாங்கி டிக்கெட் விற்கிறீர்கள். உங்கள் 220 பேரில் எத்தனை பேர் அந்த வெள்ளியைத் தொடாமல் வைத்துக்கொண்டே சொந்தக் காசில் வந்து உட்கார்ந்தார்களோ! அடுத்த நாடகத்துக்குத் தகுதி பெறுவது எப்படி என்று விசாரியுங்கள்.

கோபிக்கும் அந்த மூன்றாமவரிடம் சொல்லுங்கள்: நம் தாத்தாக்கள் நாடகக் குழுவை ‘கம்பெனி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கூத்துக்காரர் வெற்றிலை பாக்கோடு அச்சாரமும் வாங்கிக்கொண்டுதான் ஊருக்குள் காலடி வைத்தார். யாரும் அவரை வியாபாரி என்று சொல்லவில்லை.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். அந்த 400 வெள்ளிப் படங்களைச் சுவரொட்டியிலும் மானிய விண்ணப்பத்திலும் பயன்படுத்தலாம் என்று நிழற்படக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். 2021 நவம்பரிலிருந்து, வேறு உடன்பாடு இல்லையென்றால், நீங்கள் காசு கொடுத்து எடுத்த படத்தின் உரிமையும் எடுத்தவருக்கே.

இன்னொன்று ரசீது. பொருளாளராக இருந்தபோது கடை ரசீதுகளை எல்லாம் ஒரு மைலோ டின்னில் பத்திரமாகப் போட்டு வைத்தேன். மானியம் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டபோது திறந்தால், பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். சூட்டில் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து தங்காது. 640 வெள்ளி என் கையிலிருந்து போனது. இன்று இரவே உங்களிடம் இருப்பதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.