நண்டு ஓடும் மரபணுவும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்க உதவும் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி படித்தேன். மண்டபத்தில் நண்டுச் சதை பிரிக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன்; ஓடு குவிவதைத் தினமும் பார்க்கிறேன். கடலில் விளைந்த பொருள் உடம்புக்குக் கெடுதல் செய்யாது, மரபணுவைச் சுமந்துசெல்லப் பயன்படுத்தும் வைரஸைவிட அதுவே நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? என் அக்காள் மகளுக்கு ஏழு வயது, தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை. அவளுக்கு இது உதவுமா?

வாசகி, மண்டபம்

அன்புள்ள சகோதரிக்கு,

வைரஸைப் பற்றிய உங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1999-இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், அடினோ வைரஸில் ஏற்றிய மரபணு செலுத்தப்பட்ட நான்காம் நாள், உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுமீறிப் பொங்கியதால் இறந்துபோனார். வைரஸ் இல்லாத வாகனம் வேண்டும் என்ற தேடலை அந்த மரணம் மேலும் அவசரமாக்கியது.

கைட்டோசான் பொடி வெறும் தண்ணீரில் கரையாது. சில சொட்டு வினிகர் விட்டால் ஊறி, உப்பி, சற்று நேரத்தில் வடித்த கஞ்சிபோல் வழவழப்பாகிவிடும். அமிலத்தில் அதன் அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறுவதே காரணம். மரபணு அடங்கிய டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, செல்லுக்குள் நுழையும் அளவுக்குச் சிறிய உருண்டைகளாகச் சுருள்கின்றன.

ஆனால் கடலில் விளைந்தது என்பதால் மட்டும் அது பாதுகாப்பாகிவிடாது. ஓட்டிலுள்ள சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கி, பிறகு கடுங்காரத்தில் காய்ச்சித்தான் கைட்டோசான் கிடைக்கிறது. நண்டுப் புரதம் சிறிது தங்கினாலும் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து. மறுபுறம், அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் லாங்கரும் டேவிட் லின்னும் 2000-இல் மரபணு வாகனமாக முன்வைத்த பாலி பீட்டா-அமினோ எஸ்டர்கள் என்ற பாலிமர்கள் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) முழுக்க ஆய்வகத்தில் செய்தவை. அவற்றின் எஸ்டர் பிணைப்புகள் தண்ணீர் பட்டு அறுந்து, சங்கிலி சிறு மூலக்கூறுகளாக உதிர்ந்துவிடுகிறது. பார்க்கவேண்டியது எங்கே பிறந்தது என்பதையல்ல, வேலை முடிந்ததும் எப்படிச் சிதைகிறது என்பதைத்தான்.

உங்கள் கரையில் முன்பு பருத்தி நூல் வலைதான் இருந்தது. சீக்கிரம் இற்றுப்போகாமலிருக்க அதை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து உலர்த்துவார்கள். அடுத்து வந்த நைலான் வலை உறுதியானது. ஆனால் கடலில் அறுந்து விழுந்தால், ஆளே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். 1995 முதல் ஆய்வகங்களில் புழங்கும் பாலி எத்திலீன் இமீன் என்ற செயற்கைப் பாலிமர் அந்த நைலானைப் போன்றது. மரபணுவை மிக நன்றாகச் சேர்க்கும், ஆனால் உடலுக்குள் எளிதில் சிதையாது. அதன் அடர்ந்த மின்னேற்றம் செல்லின் சவ்வையே கிழிக்கும்.

கைட்டோசானின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. இரத்தத்தின் அமில காரநிலை ஏறக்குறைய 7.4, அதாவது சற்றே காரம்; அங்கே அது மின்னேற்றத்தில் பெரும்பகுதியை இழந்து, பிடியைத் தளர்த்திவிடுகிறது. காரத்தில் கூடுதலாகக் காய்ச்சி, அமீன் தொகுதிகளை மூடியிருக்கும் அசிட்டைல் தொகுதிகளை நீக்கினால் பிடி வலுக்கும். ஆனால் நம் கண்ணீரிலும் எச்சிலிலும்கூட உள்ள லைசோசைம் என்ற நொதி அந்த அசிட்டைல் பகுதிகளைப் பற்றித்தான் சங்கிலியை வெட்டுகிறது என்பதால், அவை குறையக் குறையச் சிதைவும் தாமதப்படுகிறது. பிடிப்பையும் சிதைவையும் அசிட்டைல் தொகுதிகளின் அளவே தீர்மானிக்கிறது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பகுதி இந்த இழுபறியில்தான் செல்கிறது என்பது என் எண்ணம்.

இனி குழந்தை. தலசீமியாவுக்கு இப்போது அனுமதி பெற்றுள்ள மரபணுச் சிகிச்சைகள் எதிலும் கைட்டோசான் இல்லை. 2023-இல் பிரிட்டனில் அனுமதி பெற்ற காஸ்ஜெவி என்ற சிகிச்சையில், இரத்த மூலச்செல்களை உடலுக்கு வெளியே எடுத்து, மின்துடிப்பால் அவற்றின் சவ்வைத் திறந்து, மரபணுவைத் திருத்தும் கருவியை உள்ளே செலுத்தித் திரும்ப ஏற்றுகிறார்கள். அதற்கான செலவு நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பாலிமர் வாகனம் வரட்டும் என்று அக்காளைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். இரத்தம் ஏற்றுவதும், அதனால் உடலில் சேரும் இரும்பை நீக்கும் மாத்திரையும் ஒரு முறைகூடத் தவறக்கூடாது. குழந்தைக்கு உடன்பிறந்தவர் இருந்தால், எலும்பு மஜ்ஜை பொருந்துகிறதா என்று பார்க்கும் எச்எல்ஏ பரிசோதனையைப் பற்றி அடுத்த முறை இரத்தம் ஏற்றப் போகும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சை சிறு வயதில், இரும்பு ஈரலைக் கெடுக்கும் முன் செய்யப்படும்போதுதான் நன்றாகப் பலிக்கிறது.